அகல்யாவின் ஜோடி

என் அக்கா மகள் அகல்யாவின் பெயர் பத்திரிகையில் ஒரே ஒரு முறைதான் வந்தது. விளையாட்டுப் பக்கத்தின் அடியில், முடிவுகளைப் பொடி எழுத்தில் போடுவார்களே, அந்த இடத்தில். குருகிராமில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றவர்கள்: பியோன் யேரின், கொரியா, பா. அகல்யா, இந்தியா. அக்கா அந்தத் துண்டை வெட்டி எடுத்து, சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கொரியாப் பெண்ணின் பெயர் இருந்த வீடு டெல்லியிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அகல்யா டெல்லியில் பிறந்தவள். என் அத்தான் பாலசுப்ரமணியம் மத்தியப் பொதுப்பணித் துறையில் என்ஜினியர். லோதி ரோட்டில் அரசாங்க வீடு. அக்கா வள்ளிக்கும் எனக்கும் ஊர் அம்பாசமுத்திரம். நான் கரோல் பாக்கில் தனியாக இருக்கிறேன், ரயில்வே அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது, ஆகவே அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். அகல்யாவுக்கு நான் சித்தி. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பஸ் கண்டக்டரிடம் சண்டை என்றால் இந்தி, அம்மாவிடம் சண்டை என்றால் தமிழ்.

உலகத் தரவரிசையில் அவள் எழுநூற்றுச் சொச்சம். எங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னால், உலகத்திலேயே எழுநூறாவது ஆளா, பரவாயில்லையே என்பார்கள். டென்னிஸில் எழுநூறு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. முதல் நூறு பேர் விமானத்தில் முன்வரிசையில் போவார்கள். இருநூறுக்குக் கீழே இருப்பவர்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைத்து விடுதி ஜன்னலில் காயப்போட்டு, மறுநாள் அது காயாமல் ஈரத்தோடு ஆடுவார்கள். எழுநூறைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கொரோனா அடங்கிய மறு குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா அவென்யூ மைதானத்தில் பெண்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கெடு முடிவதற்குள் ஜோடியாக வந்து நடுவர் அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஜோடி கிடைக்காதவர்கள் கடைசி நேரத்தில் வராந்தாவில் நின்று வருகிறவள் போகிறவளையெல்லாம் கேட்பார்கள். பெண் பார்க்க வந்த இடம் மாதிரிதான் இருக்கும் என்று அகல்யா சொல்வாள். அன்று அவளுடன் ஆட வேண்டியவளுக்கு வயிற்றுப்போக்கு. கொரியாக்காரி யேரினுடன் ஆட வேண்டிய தைவான் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வராந்தாவில் மிச்சம் இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

யேரினுக்கு அப்போது பதினெட்டு. அகல்யாவைவிட மூன்று வயது சின்னவள். ஒல்லி, நெற்றியை மறைக்கும் முடி, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் இங்கிலீஷ். முதல் ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டார்கள். அதன் பிறகு அகல்யா அவளுக்கு ஒன்று காட்டிக்கொடுத்தாள். இரட்டையரில் ஒருத்தி பின்னால் நின்று சர்வ் போடும்போது, மற்றவள் வலைக்குப் பக்கத்தில் நிற்பாள். வலைக்காரி கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து, எதிராளிக்குத் தெரியாமல் சைகை காட்டுவாள். கையை மூடினால், நான் இங்கேயே நிற்பேன். விரித்தால், நான் குறுக்கே பாய்வேன், காலியாகிற என் இடத்தை நீ வந்து பார்த்துக்கொள். பின்னால் நிற்பவளுக்கு முன்னால் இருப்பவளின் முகம் தெரியாது. அந்தக் கை மட்டும்தான் தெரியும். அதை நம்பி ஓட வேண்டியதுதான்.

பாஷை சரியாக இல்லாத இரண்டு பெண்களுக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. அந்தப் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். அடுத்த வாரமே அகல்யா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அக்காவுக்கு முதலில் பெரிய கலக்கம், இந்தப் பெண்ணுக்கு எதைச் சமைத்துப் போடுவது என்று. யேரின் எதையும் விட்டுவைக்கவில்லை. இட்லிக்கு மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஊரிலிருந்து கொண்டுவந்த முட்டைக்கோஸ் ஊறுகாயைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, அக்காவுக்கும் ஒரு வாய் கொடுத்தாள். ஃபிரிஜ்ஜைத் திறந்தால் வீடு முழுக்க அதன் வாசனை அடிக்கும். அத்தான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்த நாளில் அவள் மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அக்கா எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் பெற்ற மகள் சொதியைத் தொட மாட்டாள் என்பது அக்காவுக்கு நெடுநாள் மனக்குறை.

யேரினுக்குத் தாய் இல்லாத மாதிரிதான். இவளுடைய சின்ன வயதிலேயே அம்மா பிரிந்து போய்விட்டாள். அப்பா ஆண்டோங் என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே வேகத்தில் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். டென்னிஸ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் போன் செய்வார், ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்கமாட்டார். ஒரே கேள்விதான் கேட்பார். அது என்ன கேள்வி என்று அக்கா ஒருநாள் விசாரித்தாள். சோறு சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றாள் யேரின்.  அக்கா உடனே தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுத்தாள். யேரினுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். 'சாப்டியா' என்று அழுத்தி, கடைசி எழுத்தை மேலே தூக்கிச் சொல்வாள். வாட்ஸப்பில் அகல்யாவுக்கு இங்கிலீஷ் எழுத்தில் அதையே எழுதுவாள்.

இரண்டு குளிர்காலங்கள் இப்படிப் போயின. யேரின் இந்தியாவில் போட்டி என்றால் நேரே லோதி ரோட்டுக்கு வந்துவிடுவாள். பெங்களூரு, புனே, சோலாப்பூர் என்று இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினார்கள். குருகிராமில் பட்டம் வென்றது அப்போதுதான். ஆனால் ஒற்றையர் ஆட்டத்தில் யேரின் வேறு மாதிரி ஆளாக வளர்ந்துகொண்டிருந்தாள். ஐந்நூறு, முந்நூறு என்று ஏறி, இருநூற்றைம்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் பாரிஸில் நடக்கும் பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். அகல்யா எழுநூறிலேயே நின்றாள். அவளுக்குத் தோள்பட்டை வலி ஆரம்பித்திருந்தது. பொறாமையாக இல்லையா என்று நான் கேட்டேன். நான் அப்படித்தான் கேட்பேன். இருக்கிறது சித்தி, ஆனால் அவள் பின்னால் நிற்கும்போது நானும் நல்லா ஆடுகிறேன் என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மேலே சொல்வதற்கு முன் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அக்காவைத் தப்பாக நினைப்பீர்கள்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் டெல்லியில் இருப்பவனுக்கு அதை அப்படியே சொல்லமாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, புறப்பட்டு வா என்றுதான் சேதி வரும். ரயிலில் இரண்டு நாள் போக வேண்டும். போபாலிலும் நாக்பூரிலும் யார் யாரோ ஏறி இறங்குகிற பெட்டியில், செத்துப்போனார் என்று தெரிந்துகொண்டு இரண்டு நாள் எப்படி உட்கார்ந்திருப்பது? எங்கள் அப்பா போனபோது எங்களுக்கும் அப்படித்தான் சேதி வந்தது. அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வார்தாவில் வாங்கிய பூரியை இரண்டு பேரும் தின்றோம். அப்பாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போவோமா என்றுகூட அக்கா கேட்டாள். அவள் பொய்யாகக் கேட்கவில்லை. சேதியை அப்படிச் சொல்வதால் உள்ளே எங்கேயோ ஒரு பத்து சதவீதம் திறந்தே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டு வாசல் வரை நடக்கிறோம். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இது தெரிந்த விஷயம். ரயில் போய் விமானம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விடவில்லை.

அந்தப் பிப்ரவரியில் மறுபடி டெல்லியில் போட்டி. யேரின் காலிறுதி ஆடிக்கொண்டிருந்தாள். அகல்யாவும் அக்காவும் மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பனி விலகி வெயில் வந்துகொண்டிருந்தது என்று அக்கா சொல்வாள். நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன். கூட இருந்திருந்தால் மட்டும் என்ன, நானும் அக்கா சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்.

போன் அகல்யாவுக்கு வந்தது. ஆட்டத்தில் இருப்பதால் யேரினின் போன் அணைந்திருந்தது, அதனால் அவள் அண்ணன், யேரின் எப்போதோ கொடுத்துவைத்த எண்ணில், இவளைக் கூப்பிட்டிருந்தான். அவனுக்கு நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது. அப்பா இறந்துவிட்டார், காலையில், பஸ் டிப்போவில், யேரினிடம் சொல்லுங்கள், வரச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அகல்யா எழுந்து கீழே இறங்கப் போனாள். அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இப்பம் சொல்லாத. ஆட்டம் முடியட்டும். அப்புறமும் அப்படியே போட்டு உடைச்சிராத. தனியாப் போற புள்ள, அம்புட்டு நேரம் வானத்துல அழுதுக்கிட்டா போவும்? உடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரியில வச்சிருக்காவன்னு சொல்லு."

"அம்மா, அவளுக்கு இதெல்லாம் புரியாதும்மா. நெஜம்னு நம்பிடுவா."

"புரியாம என்னட்டி? எந்த ஊர்க்காரியா இருந்தாலும் மனுசிதான. புரிஞ்சிக்கிடுவா."

அகல்யா உட்கார்ந்துவிட்டாள். கீழே யேரின் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டியிலேயே அவள் மிக நன்றாக ஆடியது அந்த ஆட்டம்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கடைசிப் புள்ளி முடிந்ததும் அவள் வழக்கம்போல நிமிர்ந்து மேலே பார்த்தாள். அகல்யா எங்கே என்று தேடினாள். அகல்யா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வேறு என்ன செய்வது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில்தான் சொன்னார்கள். அப்பா ஐசியூவில் இருக்கிறார் என்று அகல்யா சொன்னாள், அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். யேரின் அழவில்லை. ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றாள். அண்ணனைக் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது: நேரே ஆஸ்பத்திரிக்கு வா. தங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் விமான நிலையத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று அகல்யா அவனுக்கு எழுதினாள். துக்கம் விசாரித்து வந்த செய்திகளுக்கு நடுவில் அது கிடந்தது. அவன் அதைப் பார்த்தது இரண்டு நாள் கழித்து.

அரையிறுதியை விட்டுவிட்டு அன்று சாயங்காலமே அவள் கிளம்பினாள். அத்தான் டாக்ஸி பிடித்துவந்து, "பையா, ஜல்தி" என்று டிரைவரை விரட்டினார். அக்கா புளியோதரை கட்டிக்கொடுத்தாள். வாசலில் நின்று யேரின் ஒன்று கேட்டாளாம், அப்பா பிழைத்துக்கொள்வாரா என்று. அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. சாமி இருக்காரு, வேண்டிக்கோ என்று தமிழில் சொல்லி, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். அதுவும் புரிந்திருக்கும். அவர்கள் வீடு கத்தோலிக்க வீடு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். யேரின் போனையும் எடுக்கவில்லை, செய்திக்கும் பதில் போடவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தோம். அகல்யா ஒவ்வொரு போட்டிக்கும் பெயர் கொடுக்கும் கெடு வரை காத்திருந்து, கடைசி நேரத்தில் வேறு யாருடனாவது ஆடித் தோற்றுக்கொண்டிருந்தாள். யேரினின் முடிவுகளை இணையத்தில் பார்ப்பாள். முதல் சுற்றுத் தோல்வி, முதல் சுற்றுத் தோல்வி, நடுவில் விலகல். பாரிஸ் வந்தது, போனது. அவள் பெயர் அதில் இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவள் டெல்லிக்கு வந்தாள். விடுதியில் தங்கினாள். அகல்யா தேடிப்போய், பயிற்சிக் களத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பிடித்தாள். யேரின் கோபமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இறங்கி, ஐசியூ இருக்கும் மாடிக்குப் பையோடு ஓடினேன் என்றாள். அங்கே இருந்த நர்ஸ் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அந்தப் பெயரில் யாரும் இல்லையே என்றாள். கீழே போய்க் கேளுங்கள் என்றாள். அவர்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு அடியிலேயே சாவுச் சடங்கு நடத்தும் கூடம் இருக்கிறது. சுவரில் ஒரு டிவி. எந்த அறையில் யாருக்குச் சடங்கு என்று படத்தோடு அதில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த டிவியில்தான் அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நான் மேலே பார்த்தேன் அகல்யா," என்றாளாம் யேரின், அவளுடைய இங்கிலீஷில். "அன்றைக்கு ஜெயித்ததும் உன்னைப் பார்த்தேன். நீ கட்டைவிரலைக் காட்டினாய். உன் கை எனக்குத் தப்பாகச் சொன்னதே இல்லை."

அகல்யா எங்கள் வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தாள். ரயில், இரண்டு நாள், பூரி, எல்லாம். யேரின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம்தான் இன்னொன்றைச் சொன்னாள். விமானத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். கடவுளே, என் அப்பாவைக் கொடுத்துவிடு, நான் இனி ராக்கெட்டைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். தன்னிடம் கொடுக்கிற மாதிரி வேறு எதுவும் இல்லை என்பதால் அதைக் கொடுத்திருக்கிறாள்.

"நான் வாக்குக் கொடுத்தபோது அவர் ஏற்கனவே இல்லை," என்றாள். "அப்படியென்றால் அந்த வாக்குச் செல்லுமா, செல்லாதா? நான் யாரைக் கேட்பது?"

செல்லாது என்று முடிவுகட்டி ஒரு வருஷம் ஆடிப்பார்த்திருக்கிறாள். சர்வ் போடப் பந்தை மேலே எறியும்போதெல்லாம் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்ததாம். அந்த வாரம் அவளாகவே அகல்யாவுடன் ஜோடியாகப் பெயர் கொடுத்தாள், கடைசியாக ஒரு தடவை என்று. முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அகல்யா வலைக்கு முன்னால் நின்று கையைப் பின்னால் காட்டினாள். விரித்துக் காட்டிவிட்டுக் குறுக்கே பாய்ந்தாள். காலியான இடத்துக்கு யாரும் வரவில்லை. யேரின் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் முழுக்கப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் லோதி ரோட்டுக்கு வந்து தன் ராக்கெட் பையை அக்காவிடம் கொடுத்தாள். ஊருக்குக் கொண்டுபோக மனசில்லை என்றாள். அக்கா சாப்பிடச் சொன்னாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள், அதுவும் சொதிதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்தொரு வயதில் அவள் டென்னிஸை விட்டுவிட்டாள். இப்போது ஆண்டோங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

அகல்யா அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஆடவில்லை. தோள்பட்டை காரணம் என்று எல்லோரிடமும் சொன்னாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. லீவு போட்டு, போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறாள். உயரமான நாற்காலியில் தொப்பி போட்டு உட்கார்ந்து, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்கிற வேலை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் வேலை, அது எனக்குச் சரியாக இருக்கிறது சித்தி என்றாள் ஒருநாள்.

அக்காதான் மாறிப்போனாள். அவள் எதற்கெடுத்தாலும் வேண்டிக்கொள்கிறவள். அத்தானுக்குப் புரமோஷன் என்றால் ஒரு வேண்டுதல், அகல்யாவுக்குக் காய்ச்சல் என்றால் ஒன்று, தண்ணி லாரி சரியாக வர வேண்டும் என்றுகூட ஒன்று. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு மாதம் இரண்டு தடவையாவது போய், எதையாவது செலுத்திவிட்டு வருவாள். யேரின் கதையைக் கேட்ட பிறகும் கோயிலுக்குப் போனாள், சூடம் ஏற்றினாள், கும்பிட்டாள். வேண்டிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் புள்ளைட்ட நான்தான வேண்டிக்கச் சொன்னேன், கையைக் கூப்பிக் காட்டினேனே என்றாள் என்னிடம். நான் எத்தனையோ சமாதானம் சொன்னேன். அந்த ராக்கெட் பையை அலமாரி மேலே வைத்து, வெள்ளிக்கிழமை வீடு பெருக்கும்போது அதையும் துடைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். தூக்கி யாருக்காவது கொடுத்துவிடு என்பேன். அவள் பாட்டுக்குத் துடைப்பாள்.

போன வருஷம் தீபாவளிக்கு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அதற்கும் அவள் வேண்டிக்கொள்ளவில்லை. நாங்கள் வேண்டிக்கொண்டோம், அவளுக்குத் தெரியாமல்.

மார்ச்சில் ஒரு போட்டி வேலையாக அகல்யா பெங்களூருக்குப் போயிருந்தாள். போக மாட்டேன் என்றவளை அக்காதான் அனுப்பிவைத்தாள். அப்போது அக்கா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், காலையிலேயே போய்விட்டாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அகல்யாவுக்குச் சொல்ல வேண்டுமே. நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். ஹலோ சித்தி என்றாள். யேரின் விஷயம் முழுக்கத் தெரிந்த எனக்கு, என் வாயில் என்ன வந்தது தெரியுமா? அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, புறப்பட்டு வா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். 'அம்மாவுக்கு' என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தான் எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

"அகல்யா, அப்பா பேசுதேன். அம்மா இறந்துட்டா. இப்பந்தான், காலைல. நீ நெதானமா வா."

 அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். சரிப்பா என்று ஒரு சத்தம் கேட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். நான் அவர் மேல் கோபத்தில் இருந்தேன். தனியாக இருக்கிற பெண்ணிடம் இப்படியா சொல்வது என்று கேட்டேவிட்டேன். அவர் நிமிராமல் சொன்னார்.

"வள்ளி சொல்லி வச்சிருந்தா. ஆஸ்பத்திரிக்கு முத தடவ வந்த அன்னைக்கே சொல்லிட்டா. 'என் சேதிய அவகிட்ட நேராச் சொல்லிரணும். அந்தப் புள்ள மாதிரி இவளும் செத்தவளுக்காவ வேண்டிக்கிட்டு வரப்பிடாது'ன்னா."

அகல்யா மத்தியானம் வந்து சேர்ந்தாள். அழவில்லை. அன்றைக்கே தகனம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சமையல்கட்டு வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா சொல்லிவைத்ததை அத்தான் அவளிடம் சொல்லியிருந்தார். அம்மா செய்ததுதான் சரி சித்தி என்றாள். "ஆனா பிளேன்ல சும்மா உக்காந்திருந்தேன். வேண்டிக்க ஒண்ணுமே இல்ல. பக்கத்து சீட்டு ஆன்ட்டி சாப்பாடு வேணுமான்னு கேக்கறாங்க. அந்த டைம் யேரினுக்கு வேண்டிக்கவாவது ஏதோ இருந்ததேன்னு தோணிச்சு." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்கிறேனா என்று என்னைப் பார்த்தாள்.  எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்புறம் போனை எடுத்துக் காட்டினாள். விமானத்திலிருந்து இறங்கியதும் யேரினுக்கு ஒரு வரி எழுதியிருந்தாள், அம்மா இறந்துவிட்டாள் என்று. இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராத போன் அது. பதில் இப்போதுதான் வந்திருந்தது.

உன்னிடம் நேராகச் சொன்னார்களா என்று கேட்டிருந்தாள் யேரின்.

அகல்யா என் கண்முன்னாலேயே பதில் எழுதினாள். ஆமாம், அம்மாதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாள், உன்னால்தான். அனுப்பிவிட்டு இருவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யேரின் ஏதோ எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது ஒரே ஒரு சொல், இங்கிலீஷ் எழுத்தில்.

சாப்டியா.

அகல்யா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.